கல்லுக்கு எதற்கு முகப்பூச்சு?

ஒரு கருத்தரங்கில் மேஜை மேல் இரண்டு சலவைக்கல் சில்லுகளை வைத்திருந்தார்கள். இரண்டிலும் நீலச் சாயம் தடவியிருந்தது. ஒன்று வெறுங்கல். மற்றதில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு. மேலே புற ஊதா விளக்கு. மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு திரும்பியபோது வெறுங்கல்லில் நீலம் அப்படியே இருந்தது. பூச்சுப் போட்ட கல் வெளுத்துப் பளிச்சென்று கிடந்தது. அரங்கு கைதட்டியது. "இதை மட்டும் தாஜ்மகாலில் அடித்துவிட்டால் போதும் சார், அப்புறம் யாரும் தொடவே வேண்டாம். மழை பெய்தால் தானே குளித்துக்கொள்ளும்" என்றார் பக்கத்து இருக்கைக்காரர். ஒப்பந்த வேலைகள் எடுத்துச் செய்யும் பொறியாளர்.

நானும் கைதட்டியவன்தான். வேதியியல் அழகாகத்தான் இருந்தது. வீடு திரும்பும் பேருந்தில்தான் உறைத்தது: தாஜ்மகாலின் மேல் யாரும் நீலச் சாயம் ஊற்றுவதில்லை.

பழங்கட்டடங்களின் முகப்பை மாசிலிருந்து காக்க 'தானே சுத்தமாகும்' நானோ பூச்சுதான் வழி என்ற நம்பிக்கை, கருத்தரங்குகளிலும் நாளிதழ்களின் அறிவியல் பக்கங்களிலும் கேள்வியின்றி உட்கார்ந்துவிட்டது. காற்றைச் சுத்தம் செய்யப் பல ஆண்டுகள் ஆகும், பூச்சு அடிக்கச் சில வாரங்கள் போதும்; விலையும் குறைந்துகொண்டே வருகிறது; கல்லின் நிறம் மாறுவதில்லை; ஆகவே தயங்குகிறவர்கள் பத்தாம்பசலிகள். வாதம் இவ்வளவுதான். இதில் விலையைத் தவிர வேறு எதையும் நான் ஒப்புக்கொள்வதாக இல்லை.

முதலில் பூச்சுக்கு உரிய மரியாதையைச் செய்துவிடுகிறேன். அதன் உயிர்நாடி டைட்டானியம் டை ஆக்சைடு. வெள்ளைப் பெயின்ட்டில் காலங்காலமாக இருக்கும் அதே பொருள்தான். 1972-இல் ஜப்பானின் அகிரா புஜிஷிமாவும் கெனிச்சி ஹோண்டாவும், ஒளி பட்டால் இந்தப் பொருள் தண்ணீரையே பிரித்துவிடுகிறது என்று காட்டினார்கள். புற ஊதாக் கதிர் விழும்போது அதன் மேற்பரப்பில் கடும் வினைத்திறன் கொண்ட மூலக்கூறுகள் உருவாகி, ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கையும் சாயத்தையும் பாசியையும் சிதைக்கின்றன. 1990-களில் இன்னொரு குணமும் தெரியவந்தது: ஒளி பட்ட பரப்பில் தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் மெல்லிய தகடாகப் பரவி, அழுக்கின் அடியில் புகுந்து அதை வழித்துக்கொண்டு ஓடுகிறது. 2001-இல் பில்கிங்டன் நிறுவனம் இதைக் கண்ணாடியில் பூசிச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கண்ணாடிக்கு இது நல்ல சரக்கு. குளியலறை ஓடுகளுக்கும் நல்ல சரக்கு. என் சண்டை அங்கே இல்லை.

இதற்கு நேர் எதிரான இன்னொரு சரக்கும் உண்டு. தாமரை இலைத் தண்ணீர் என்று நாம் பற்றின்மைக்கு உவமை சொல்லிப் பழகியதை, வில்ஹெல்ம் பார்த்லாட் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். இலைமேல் நுண்ணிய மேடுகள், அவற்றின் மேல் மெழுகு. நீர்த்துளி உருண்டோடும்போது தூசியையும் கூட்டிச் செல்கிறது. அதைப் பின்பற்றி நீரை விரட்டும் பெயின்ட்டுகள் வந்தன. விற்க வருகிறவர்கள் பல நேரம் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். ஒன்று நீரை அழைப்பது, மற்றது நீரை விரட்டுவது. எதை விற்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்று பதில் வந்தது. தாமரையைப் பற்றி இன்னொன்றையும் அவர்கள் சொல்வதில்லை. அந்த இலை உயிரோடு இருக்கிறது. மெழுகு தேய்ந்தால் மறுபடி சுரந்துகொள்கிறது. கல்லுக்கு அந்த வசதி கிடையாது.

இப்போது தாஜ்மகாலுக்கு வருவோம். அதன் மேல் என்ன படிகிறது என்பது ஊகமல்ல. தொல்லியல் துறையும் ஐ.ஐ.டி. கான்பூரும் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகமும் சேர்ந்து, சிறு பளிங்குத் துண்டுகளைக் கட்டடத்தில் வைத்து, படிந்ததைச் சோதித்து 2014-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வெண்மையைக் கெடுப்பவை மூன்று: புழுதி, கரித்துகள், குப்பையும் சாணமும் விறகும் எரிவதால் வரும் பழுப்புநிறக் கரிமத் துகள். இந்த மூன்றில் பழுப்புக் கரிமத்தைப் பூச்சு ஓரளவு சிதைக்கலாம், அதை மறுக்கவில்லை. கரித்துகளை மிக மெதுவாகத்தான் அசைக்கும். புழுதி? அது மண். பாலைவனத்திலிருந்தும் வற்றிய யமுனைப் படுகையிலிருந்தும் பறந்துவரும் மண்ணை எந்த ஒளிவினையும் சாப்பிடாது. அதைக் கழுவ மழை வேண்டும். ஆக்ராவில் மழை என்பது பெரும்பாலும் ஜூலை முதல் செப்டம்பர் வரை. மீதி ஒன்பது மாதம் புழுதிக்கு அடியில் புதைந்துகிடக்கும் பூச்சுக்கு வெயில் எப்படிப் போய்ச் சேரும்? அதற்கு வேண்டிய புற ஊதாக் கதிர் சூரிய ஒளியில் நூற்றுக்கு ஐந்து பங்குகூடத் தேறாது. அதையும் தூசி மறித்துக்கொள்ளும். சுத்தமாக இருந்தால் சுத்தம் செய்யும், அழுக்கானால் படுத்துவிடும். மேஜை மேல் இருந்த சில்லில் தூசி இல்லை.

யமுனைப் பக்கச் சுவரில் 2016-இல் பச்சைத் திட்டுகள் தோன்றி நாடே பேசியது நினைவிருக்கலாம். அவை புகையால் வந்தவை அல்ல. சாக்கடையாகிப்போன ஆற்றில் பெருகிய பூச்சிகள் சுவரில் மொய்த்து இட்ட எச்சம். அதற்கும் பூச்சு அடிக்கலாம் என்று ஒருவர் சொன்னால், அவரிடம் ஆற்றைப் பற்றிப் பேச வேண்டும், சுவரைப் பற்றி அல்ல.

இனி நான் முக்கியமாக நினைக்கும் இடத்துக்கு வருகிறேன். பூச்சு ஆதரவாளர்களின் மொத்தக் கணக்கும் ஒரு அனுமானத்தின் மேல் நிற்கிறது: கறுத்த கல் நோயாளி, வெளுத்த கல் ஆரோக்கியன். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பும் கணக்கு இது. சுண்ணாம்புக்கல்லிலும் பளிங்கிலும் நடப்பது வேறு. காற்றிலுள்ள கந்தக டை ஆக்சைடு ஈரத்தோடு சேர்ந்து, கல்லின் கால்சியம் கார்பனேட்டை ஜிப்சமாக மாற்றுகிறது. ஜிப்சம் தண்ணீரில் ஓரளவு கரையும். மழை நேராக அடிக்கும் இடத்தில் அது உடனுக்குடன் கரைந்து ஓடிவிடுகிறது. அடியில் புதுக்கல் தெரிகிறது, வெள்ளையாக. கார்னிஸுக்கு அடியில், சிற்பத்தின் கழுத்து மடிப்பில், மழை எட்டாத இடத்தில் ஜிப்சம் தங்கிக் கரியைப் பிடித்துக்கொண்டு கறுப்புப் பொருக்காகிறது. அந்தப் பொருக்கும் நல்லதல்ல, ஒருநாள் கல்லையும் பெயர்த்துக்கொண்டு உதிரும். ஆனால் பளிச்சென்று தெரியும் பகுதி ஆண்டுதோறும் தேய்ந்துகொண்டிருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. லண்டனின் பழைய சுண்ணாம்புக்கல் கட்டடங்களைப் பழைய புகைப்படங்களில் பாருங்கள்: மூக்கும் புருவமும் வெள்ளை, கன்னக் குழி கறுப்பு. தேய்ந்தது மூக்கு.

இந்தப் படத்தில் பூச்சை வைத்துப் பாருங்கள். அதற்கு வெயிலும் வேண்டும், மழையும் வேண்டும். இரண்டும் கிடைக்கும் இடம் எது? ஏற்கெனவே மழை கழுவி வைத்திருக்கும் வெள்ளைப் பகுதி. கறுப்புப் பொருக்கு கட்டும் இடத்தில் இரண்டுமே கிடையாது. வேலை இல்லாத இடத்தில் வேலை செய்து, வேலை இருக்கும் இடத்தில் ஓய்வெடுக்கும் காவலாளியைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

அதைவிடச் சிக்கல் ஒன்று உண்டு. இந்தப் பூச்சு வாகனப் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளைக் காற்றிலிருந்து உறிஞ்சிவிடும் என்பதை ஒரு கூடுதல் நன்மையாக விளம்பரம் செய்கிறார்கள். உறிஞ்சி எங்கே வைக்கும்? அவற்றை ஆக்ஸிஜனோடு சேர்த்து நைட்ரேட்டாக்கித் தன் மேலேயே வைத்துக்கொள்ளும். மழை வந்து கழுவும் என்பது திட்டம். கான்கிரீட் சாலைத் தடுப்பில் இது பெரிய விஷயமில்லை. சுண்ணாம்புக்கல்லின் மேல் நைட்ரேட் என்றால் கால்சியம் நைட்ரேட். ஜிப்சத்தைவிடப் பல மடங்கு எளிதாகக் கரையும் உப்பு. அமிலத்தை வீட்டு வாசலில் நிறுத்த வேண்டிய காவலாளி, அதைத் தோளில் தூக்கி உள்ளே கொண்டுவந்து உட்காரவைக்கிறான். அந்தக் காற்றுச் சுத்திகரிப்புகூட எவ்வளவு நடக்கிறது என்றால், பிரஸ்ஸல்ஸின் லியோபோல்ட் சுரங்கச் சாலையில் ஐரோப்பிய ஆய்வுக் குழு ஒன்று சுவர்களில் பூசி, விளக்குப் போட்டு அளந்து பார்த்தது. கருவியில் பிடிபடும் அளவுக்குக் குறைவு எதுவும் தெரியவில்லை.

"பூச்சு ஒரு கவசம் அல்லவா, விஷ வாயு கல்லைத் தொடாமல் தடுக்குமே?" என்பார்கள். தடுக்காது. நானோ துகள் படலம் சல்லடை போன்றது. வாயு தாராளமாக ஊடுருவும். வாயு நுழையாதபடி இறுக்கி அடைக்கும் பூச்சும் செய்யலாம். அப்போது கல்லுக்குள் இருக்கும் ஈரம் வெளியே வர வழி அடைபடும். அந்தக் கதை நம் ஊர்க்காரர்களுக்கு நன்றாகவே தெரியும். சுண்ணாம்புக் காரை பூசிய பழைய வீட்டுச் சுவரில் பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்துப் பாருங்கள். முதல் தீபாவளிக்குப் பளபளக்கும். மூன்றாவது மழைக்காலத்தில் பெயின்ட் உப்பி, விரலால் தொட்டால் சுவர் மாவாகக் கொட்டும். தரையிலிருந்து ஏறும் ஈரம் உப்பையும் கூட்டிக்கொண்டு வருகிறது. வெளியே வந்து காய வேண்டிய இடத்தில் தடை இருந்தால், தடைக்குப் பின்னாலேயே உப்பு பூத்துச் சுவரைப் பொரித்துவிடுகிறது. கொத்தனார் எவரைக் கேட்டாலும் சொல்வார்.

ஆக, ஊடுருவ விட்டால் கவசமில்லை. அடைத்தால் உள்ளே அழுகல்.

ரோம் நகரின் கிழக்கே டோர் ட்ரே டெஸ்டே பகுதியில் ஒரு தேவாலயம் இருக்கிறது. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் மையர் வடிவமைத்தது; 2003-இல் திறக்கப்பட்டது. பாய்மரங்கள் போல வளைந்து நிற்கும் மூன்று வெள்ளைக் கான்கிரீட் ஓடுகள் அதன் அடையாளம். இத்தாலிசிமென்டி நிறுவனம் இதற்கென்றே டைட்டானியம் டை ஆக்சைடு கலந்த வெள்ளைச் சிமென்டை உருவாக்கித் தந்தது. தானே சுத்தமாகும் கட்டடங்களின் தலைப்பிள்ளை அது. இன்று அந்த ஓடுகளிலும் கறைகளும் நிறமாற்றமும் உண்டு. ஆய்வுக் கட்டுரைகளில் பதிவாகியும் இருக்கின்றன. நான் இதைக் கெக்கலி கொட்டச் சொல்லவில்லை. புதுக் கட்டடம், பூச்சாக இல்லாமல் சிமென்டின் உடம்பிலேயே கலந்த மருந்து, வழவழப்பான பரப்பு, ரோமின் வெயில், பின்னால் ஒரு பெரிய நிறுவனத்தின் ஆய்வகம். இத்தனை இருந்தும் இருபது ஆண்டு தாக்குப்பிடிக்கத் திணறுவதை, நானூறு ஆண்டுப் பழைய, நுண்துளை நிறைந்த, ஏற்கெனவே உப்பேறிய ஒரு கல்லின் மேல் தெளித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம் என்கிறார்கள்.

நுண்துளை என்றது முக்கியம். கண்ணாடியில் பூச்சு மேலேயே நிற்கும். கல்லில் திரவம் உள்ளே இறங்கிவிடும். உள்ளே போன துகளுக்கு வெளிச்சம் கிடையாது, வேலையும் கிடையாது. ஆனால் அதை வெளியே எடுக்க இன்றுவரை வழியும் கிடையாது. சரி, மேலே நிற்பது தேய்ந்து போகட்டுமே என்றால், அது எங்கோ போகத்தான் வேண்டும். சுவிட்சர்லாந்தில் சாதாரண வெள்ளைப் பெயின்ட் அடித்த முகப்புகளிலிருந்தே டைட்டானியம் நானோ துகள்கள் மழைநீரோடு ஓடைக்குப் போவதை 2008-இல் கண்டறிந்து எழுதினார்கள்.

"நீங்கள் சொல்வதெல்லாம் பழைய தலைமுறைப் பூச்சு, இப்போது வந்திருப்பது வேறு." இந்த வாசகத்தை எல்லாத் தலைமுறையும் கேட்டிருக்கிறது. லண்டன் நாடாளுமன்றக் கட்டடத்தின் கல், வேலை முடியும் முன்பே பொரிந்து உதிரத் தொடங்கியது. 1861-இல் அதற்கென ஒரு குழு அமைத்தார்கள். தங்களிடம் கல்லைக் காக்கும் ரகசியத் திரவம் இருப்பதாக வேதியியலாளர்களும் வியாபாரிகளும் வரிசையில் நின்றார்கள். சிலிக்கேட் கரைசல்களும் வேறு கலவைகளும் பூசிப் பார்க்கப்பட்டன. கல் உதிர்வது நிற்கவில்லை. கடைசியில் 20-ஆம் நூற்றாண்டில் கிளிப்ஷம் என்ற வேறு கல்லைக் கொண்டுவந்து பெரும்பகுதியை மாற்ற வேண்டியதாயிற்று. எகிப்திலிருந்து நியூயார்க் சென்ட்ரல் பூங்காவுக்குப் போன கற்றூண், 1881-இல் நிறுத்தப்பட்டுச் சில ஆண்டுகளிலேயே செதிளுதிர ஆரம்பித்தது. 1885-இல் சூடாக்கிய பாரஃபின் மெழுகை ஊட்டினார்கள். பூசும் வேலையின்போதே தளர்ந்திருந்த சில்லுகளை மூட்டை மூட்டையாக அகற்றினார்கள். எழுத்துகளும் அவற்றோடு போயின.

நமக்குப் பக்கத்தில் இதைவிட வலிக்கும் உதாரணம் உண்டு. கட்டட முகப்பு அல்ல, ஆனாலும் சொல்லியாக வேண்டும். ஹைதராபாத் நிஜாம் அரசு 1920-இல் அஜந்தா ஓவியங்களைக் காப்பாற்ற இத்தாலியிலிருந்து செக்கோனி, ஓர்சினி என்ற இரண்டு நிபுணர்களை வரவழைத்தது. அந்தக் காலத்தின் மிக நல்ல எண்ணம், மிக நல்ல ஆட்கள். அவர்கள் பூசிய அரக்கு வார்னிஷ் அன்று ஓவியங்களை ஈரம் காயாத புதுவண்ணம் போல மினுங்கச் செய்தது. ஆண்டுகள் போகப் போக அது மஞ்சளாகி, பழுப்பாகி, தூசியைப் பிடித்துக்கொண்டு, போதிசத்துவர்களின் முகத்தையே மறைத்தது. அந்தப் பூச்சை அங்குலம் அங்குலமாகச் சுரண்டி எடுப்பதே தொல்லியல் துறை வேதியியலாளர்களுக்குத் தலைமுறை கடந்த வேலையாகிவிட்டது. அரக்கையாவது கரைப்பானில் கரைத்து எடுக்கலாம். நானோ துகளை எதில் கரைப்பது?

ஆய்வகத்தில் செயற்கை வெயிலும் செயற்கை மழையும் காட்டிச் சில மாதங்களில் முதுமையூட்டிப் பார்க்கிறார்கள். இத்தாலியில் டிராவர்ட்டைன் கல்லில் இப்படி நிறையச் சோதனைகள் நடந்திருக்கின்றன. நிறம் மாறவில்லை என்கிறார்கள். நம்புகிறேன். அரக்கும் முதல் சில மாதங்களில் நிறம் மாறியிருக்காது.

பூச்சே கூடாது என்பதல்ல என் நிலை. 1970-களில் இங்கிலாந்தின் வெல்ஸ் தேவாலயத்து மேற்கு முகப்பில், நூற்றுக்கணக்கான இடைக்காலச் சிற்பங்களைச் செப்பனிடும் வேலை தொடங்கியது. ராபர்ட் பேக்கர் என்பவர் கல்லின் மேல் மெல்லிய சுண்ணாம்புக் கலவைத் தோல் ஒன்றைப் பூசினார். அது நிலைத்து நிற்கப் பூசியது அல்ல, கரையப் பூசியது. மழையும் அமிலமும் முதலில் அதைத் தின்னட்டும், சிற்பம் பிழைக்கட்டும் என்பது கணக்கு. தின்று தீர்ந்தால் மறுபடி பூசலாம். பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்த நம் பாட்டிமாருக்கு இந்தத் தத்துவத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. கல்லுக்கு முன்னால் சாகத் தயாராக இருக்கும் பூச்சுக்கும், கல்லோடு ஒட்டிக்கொண்டு சாகமாட்டேன் என்று சாதிக்கும் பூச்சுக்கும் உள்ள வித்தியாசம்தான் இங்கே கேள்வி. தாஜைச் சுத்தம் செய்யத் தடவும் முல்தானி மிட்டிக் களிமண்ணுக்கும் குறைகள் உண்டு. அடிக்கடி தேய்த்துக் கழுவுவது பளிங்குக்கு நல்லதல்ல என்று சொல்பவர்களோடு நான் உடன்படுகிறேன். ஆனால் அது காய்ந்து, அழுக்கை உறிஞ்சிக்கொண்டு, தண்ணீரில் போய்விடுகிறது. கல்லில் குடியேறுவதில்லை.

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலைக் காத்ததும் புட்டியில் வந்த திரவமல்ல. அலையைத் தடுக்கப் பாறைக் கற்களைக் கொட்டினார்கள், உப்புக் காற்றை மறிக்கச் சவுக்கு நட்டார்கள், கல்லில் ஏறிய உப்பை ஈரக் காகிதக் கூழ் ஒட்டி உறிஞ்சி எடுத்தார்கள். கேட்க எவ்வளவு சாதாரணமாக இருக்கிறது பாருங்கள். இதற்கெல்லாம் காப்புரிமை வாங்க முடியாது. அதனால்தானோ என்னவோ கருத்தரங்கு நடத்தவும் யாருக்கும் தோன்றுவதில்லை.

காற்று சுத்தமாகக் காலம் ஆகும், அதுவரை என்ன செய்வது என்ற கேள்விதான் எதிர்த்தரப்பின் வலுவான கேள்வி. லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தின் மேல்மாடக் கைப்பிடிச் சுவரில் பதில் இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்தக் கற்களில் இருந்த துளைகளை ஈயம் ஊற்றி அடைத்தார்கள். ஈயம் கரையவில்லை, சுற்றியிருந்த கல் கரைந்து இறங்கியதால் ஈயம் துருத்திக்கொண்டு நிற்கிறது. எவ்வளவு தேய்ந்தது என்பதைக் கல்லே அளந்து வைத்திருந்தது. 1980-இலிருந்து கருவி வைத்தும் தொடர்ந்து அளக்கிறார்கள். அந்தப் பத்தாண்டில் இருந்த தேய்மான வேகம் அடுத்த பத்தாண்டில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. யாரும் பூச்சு அடிக்கவில்லை. 1981-இல் ஆற்றின் எதிர்க்கரையில் இருந்த பேங்க்சைடு எண்ணெய் மின் நிலையத்தை மூடினார்கள். பிறகு பேட்டர்சீயும் மூடப்பட்டது. லண்டன் காற்றில் கந்தகம் சரிந்தது. கல் உடனே பதில் சொன்னது. நூறாண்டு ஆகவில்லை, பத்தாண்டு போதுமாக இருந்தது. பேங்க்சைடு இப்போது ஓவியக் கூடம்.

1996 டிசம்பர் 30 அன்று எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தாஜைச் சுற்றியிருந்த 292 தொழிற்சாலைகளை, நிலக்கரியை விட்டு எரிவாயுவுக்கு மாறு, இல்லையேல் இடம்பெயர் என்றபோது இதே தர்க்கத்தைத்தான் பேசியது. அந்த உத்தரவு அரைகுறையாக நடந்தது, வாகனங்கள் பெருகின, குப்பை தெருவிலேயே எரிந்தது. 2018-இல் அதே நீதிமன்றம் தாஜைக் காப்பாற்றுங்கள் அல்லது இடித்துவிடுங்கள் என்று கோபப்படும் அளவுக்கு நிலைமை போனது. பளிங்கு பழுப்பாகத் தெரிந்ததால்தான் அந்தக் கோபமே வந்தது. அது எப்போதும் பளிச்சென்று இருந்திருந்தால், பக்கத்துத் தெருவில் அதே காற்றை மூச்சுவிடும் குழந்தைக்காக எந்த வழக்கும் அவ்வளவு தூரம் போயிருக்குமா என்று எனக்குச் சந்தேகம். கறை ஒரு சாட்சி. சாட்சியின் முகத்துக்கு மாவு பூசிக் கூண்டில் ஏற்றச் சொல்கிறார்கள்.

கருத்தரங்கு முடிந்து சில மாதம் கழித்து, நம் ஊரில் நூறாண்டு தாண்டிய ஒரு செங்கல் கட்டடத்தைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். பெயர் வேண்டாம். முகப்பில் நீளமான கறுப்புக் கறை. அதற்கு நானோ பூச்சு அடிக்க மதிப்பீடு தயாராக இருந்தது, பெரிய தொகை. ஏணி வைத்து மேலே ஏறினேன். மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாய் மூட்டில் உடைந்திருந்தது. ஒவ்வொரு மழைக்கும் அந்தத் தண்ணீர் முழுக்கச் சுவரில்தான் இறங்கியிருக்கிறது. உடைந்த மூட்டில் ஓர் அரசங்கன்று, ஆள் உயரத்துக்கு. குழாயை மாற்றுங்கள், கன்றை வேரோடு எடுங்கள், ஒரு மழைக்காலம் சுவரைக் காயவிடுங்கள், பிறகு பேசலாம் என்று எழுதிக் கொடுத்தேன். குழாய் வேலைக்குத் தனியாகத் தலைப்பு இல்லை, பூச்சுக்கு நிதி ஒதுக்கியாயிற்று என்றார் அங்கிருந்த அலுவலர். அவர் பொய் சொல்லவில்லை, கோப்பைக் காட்டினார். போன ஐப்பசியில் அந்த வழியாகப் போனேன். அரசு நன்றாகத் துளிர்த்திருந்தது.